விமானத்துக்குள் நான் உயர்த்திய கைகள்

விமானம் சட்டென்று கீழே விழுந்தது. எவ்வளவு தூரம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

பிரியமானவர்களே, இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு நம் சபை மேடையில் நின்று சொன்னேன். நீங்களும் கைதட்டி அல்லேலூயா சொன்னீர்கள். அன்று நான் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதாமல் எனக்கு நிம்மதி இல்லை.

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பாறைக்குழியில் நிற்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். என் மகள் பிரின்சி அதை மறக்கவில்லை. நான் ஓய்வு பெற்றதும், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டும் முதல் பாடத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள்.

காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறினால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடுமாம். நாங்கள்தான் தாமதம். ஜெபம் பண்ணாமல் நம்மில் யார் பிரயாணம் புறப்படுவோம்? சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்திருந்த மச்சான் ஜெபத்தை ஆரம்பித்தார். ஆதியாகமத்தில் தொடங்கி அவர் ஆமென் சொல்வதற்குள் இட்லி ஆறிப்போயிருந்தது. போய்ச் சேர்ந்தபோது மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. இன்னும் பறக்கலாம் என்றார்கள், ஏறிவிட்டேன்.

கற்றுக்கொடுக்க வந்தவள் ஷாஹினா. கோட்டைமேட்டுப் பெண், பிரின்சியைவிடச் சின்னவள். மெல்லிய கம்பிக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு பெரிய விமானக் கம்பெனியில் தேர்வாகிவிட்டதாகவும், மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மேலே போனதும், "இப்ப நீங்க புடிங்க அங்கிள். அழுத்தாதீங்க, கோழிக்குஞ்சப் புடிக்கற மாதிரி புடிங்க" என்றாள். என் பக்கத்துப் பிடியைப் பிடித்தேன். என் கையில் ஒரு விமானம்! லாரிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் காற்று விமானத்தைத் தூக்கிக் கீழே போட்டது. "விட்றாதீங்க அங்கிள்" என்றாள். நான் விட்டுவிட்டேன். ஆபத்து என்றால் நாம் எப்படி ஜெபிப்போம்? கண்ணை மூடி இரண்டு கைகளையும் உயர்த்துவோம். சிறுவயதிலிருந்து வந்த பழக்கம், யோசிக்கக்கூட நேரமில்லை. "ஆண்டவரே!" என்று கத்திக்கொண்டே கைகளைத் தூக்கினேன். உள்ளே இருவர் தோளும் உரசும் அளவுக்குத்தான் இடம். என் வலது முழங்கை அவள் முகத்தில் பலமாக இடித்தது. கண்ணாடி உடைந்து, கம்பி அவள் புருவத்தைக் கிழித்தது.

இதைத்தான் நான் மேடையில் சொல்லவில்லை.

"அங்கிள், கண்ணத் தொறங்க!"

திறந்தேன். ஒரு கண்ணில் ரத்தம் வழிய, தன் பக்கத்துப் பிடியை இறுகப் பிடித்து அவள் விமானத்தை ஓடுதளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடி காலடியில் எங்கோ கிடந்தது.

"எனக்கு முள்ளு தெரியலைங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. வேகம் காட்டற அந்த வட்டத்துல முள்ளு அறுபத்தஞ்சுக்குக் கீழ போனா உடனே சொல்லோணும். ஓடுதளம் நேரா இருக்குதா, வெலகுதான்னு சொல்லிட்டே வாங்க."

"கையத் தூக்கிப்போட்டேன் அம்மணி..."

"அத அப்புறம் பாத்துக்கலாங்க. இப்பப் பாருங்க!"

பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, எழுபது. ஆண்டவரே, அறுபத்தெட்டு. கொஞ்சம் எடப்பக்கம் போகுது அம்மணி." அவளும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அது அவளுடைய ஜெபம். சக்கரம் தரையில் இரண்டு முறை குதித்து, பிறகு ஓடி நின்றது. வெளியே காத்திருந்த என் மனைவி ஸ்டெல்லா, என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்து என்னுடையது என்று நினைத்து அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. பலத்த காற்று அடித்தது, கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன், அவர் என்னைத் தரைக்குக் கொண்டுவந்தார் என்று சாட்சி சொன்னேன். என் முழங்கையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீங்கள் கைதட்டியதும், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போனேன். ஸ்வீட் பெட்டியோடு போனேன், எவ்வளவு முட்டாள் பாருங்கள். இடது கண்ணில் கட்டுப் போட்டிருந்தது.

"கண்ணுக்குள்ள ரத்தம் கட்டியிருக்குதாங்க. செரியாக மாசக்கணக்காகும்னு சொல்றாங்க. கம்பெனில அத்தன நாள் காத்திருக்க மாட்டாங்களாம்" என்றாள்.

பெட்டியைக் கட்டிலில் வைத்தேன். அவளே பேசினாள்.

"நீங்க சர்ச்சுல பேசுன வீடியோ பாத்தேங்க அங்கிள். பிரின்சிக்கா அனுப்புனாங்க. நல்லாப் பேசுனீங்க. நான்தான் அதுல இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னை வாட்டுகிறது.

கர்த்தர் அன்று என் கூப்பிடுதலைக் கேட்டார். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நான் "ஆண்டவரே" என்று கத்தியதற்கு வந்த பதில், "கண்ணத் தொறங்க" என்பது. அது அந்தப் பெண்ணின் வாய் வழியாக வந்தது. உயிரோடு இருப்பதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். ஆனால் நன்றி சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டுப்போட்ட கண் முன்னால் வந்து நிற்கிறது. அது போகவேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை.

இப்போதெல்லாம் கைகளை மடியில் வைத்து, கண்ணைத் திறந்துதான் ஜெபிக்கிறேன். "எல்லாரும் பாக்கறாங்க, கண்ண மூடுங்க" என்று ஸ்டெல்லா ஆராதனையில் என் தொடையைக் கிள்ளுகிறாள். கிள்ளட்டும்.

ஷாஹினாவுக்கு அடுத்த மாதம் மறு பரிசோதனை. அந்த இடது கண்ணுக்காக, அவள் பேரைச் சொல்லி ஜெபியுங்கள். உங்களுக்கும் நெருக்கம் வரும் நாளில் தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறவர், நானே அதற்குச் சாட்சி. கைகளை உயர்த்துவதற்கு முன்னால் மட்டும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.