முத்தம்மாவும் முன்கதவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே முத்தம்மாவின் சட்டத்தை மீறி யாரும் ஒரு வாய் சோறு தின்றுவிட முடியாது. கேன்டீனுக்கு இரண்டு கதவுகள். ஒன்றில் நுழைந்து, தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து, சாப்பிட்டு, எச்சில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றின் வழியாக வெளியே போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து பசியோடு வருகிற பையன்களுக்கு வெளியே போகிற கதவுதான் கிட்டே இருக்கும். அதில் நுழைந்து பார்த்தால் தெரியும் சேதி. கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள்.

"சுத்திக்கினு வா நைனா. உனக்கு மட்டும் இன்னா தனி வழி?"

புதிதாக வந்த மேனேஜர் ஒருமுறை போனில் பேசிக்கொண்டே அந்த வழியாக வந்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். அவருக்கும் அதே பேச்சுதான். 'நைனா' இருந்த இடத்தில் 'சார்' போட்டாள், சலுகை அவ்வளவே. மனுஷரும் சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

முத்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. குச்சி உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத வெண்கலக் குரல். புருஷன் மோசஸ், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் நிற்கிற யார்டில் வாட்ச்மேன். மகள் சோனியாவை மணவாள நகரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டே பேர், அவர்களும் ஆளுக்கொரு ஷிஃப்ட். இப்படிப்பட்டவளுக்கு மியூசியத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டால், அதற்குக் காரணம் ஹேமாவதி.

ஹேமாவதி அசெம்பிளி லைனில் சூப்பர்வைசர். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிப் பெண்களை எல்லாம் சேர்த்து ஒரு பஸ் பிடித்து டூர் கூட்டிப்போகிறவள் அவள்தான். கோயில், அருவி, கடற்கரை எல்லாம் உண்டு. ஆனால் நடுவில் ஒரு மியூசியம் இல்லாமல் அவளுக்கு டூர் செரிக்காது. கேன்டீன் ஆட்கள் கம்பெனி ரோலில் இல்லை, கான்ட்ராக்ட்தான். இருந்தாலும் முத்தம்மாவை விட்டுவிட்டு ஹேமாவதி போனதில்லை. பஸ்ஸில் புளிச்சோற்று அண்டாவுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டாமா?

அப்படித்தான் முத்தம்மா ஊர் ஊராக மியூசியம் பார்த்தாள். எழும்பூரில் திமிங்கில எலும்பைப் பார்த்துவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இங்கே பக்கத்தில் பூண்டியில் ஆதிமனிதன் வைத்திருந்த கல் கோடரிகளைப் பார்த்து, "இதுல ஆட்டெலும்பு நல்லாத்தான் ஒடியும்" என்று சான்றிதழ் கொடுத்தாள். கீழடியில் பானைகளின் முன்னால் நெடுநேரம் நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் மணிகளையும் காதணிகளையும் போட்டோ எடுத்தார்கள். தஞ்சாவூர் அரண்மனையில் கைடு, ராஜா இங்கே உட்காருவார், அங்கே படுப்பார் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு போனார். முத்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ராஜா கதை இருக்கட்டும் சார். அவருக்குச் சோறாக்கினது யாரு? அடுப்பு எங்க?"

கைடு அடுத்த கூடத்தைக் காட்டப் போய்விட்டார். வெளியே வந்ததும் ஹேமாவதியிடம் சொன்னாள்: "எந்த மியூசியத்துக்குப் போனாலும் துன்னவன் படம்தான் மாட்டிக்கீறாங்க, ஆக்கினவ படம் ஒண்ணும் இல்ல."

மோசஸ் ஒரு டூருக்கும் வந்ததில்லை. "பெரிய ஊட்டாண்ட எல்லாம் கைகட்டி நின்னு, தப்பிச்சு வந்து, நமக்குன்னு ஒரு சிமெண்ட் ஊடு கட்டினோம். டிக்கெட் வாங்கினு மறுபடி அதைப் போய்ப் பாக்கணுமா? பேஜாரு" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அடுத்த டூருக்கும் முத்தம்மா பஸ் ஏறிவிடுவாள்.

இந்த வருஷம் டூர் காரைக்குடிப் பக்கம் என்று முடிவானது. அங்கே யாரோ ஒரு தனியார் பாரம்பரிய கிராமம் நடத்துகிறார்களாம். பல ஊர்களில் இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்களாம். ஹேமாவதி கேன்டீனுக்கு வந்து போனில் படம் காட்டினாள். முதல் படத்திலேயே ஒரு பெரிய வீட்டின் முன்கதவு. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு, கருந்தேக்கு, நெடுக்கப் பித்தளைக் குமிழ்கள். முத்தம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"ஹேமா, இந்த ஊட்டுக்குள்ள உடுவாங்களா?"

"அதுக்குத்தானே டிக்கெட்டு."

"இந்தக் கதவு வழியா?"

"பின்ன, ஜன்னல் வழியாவா?"

"அப்போ நான் வரேன். அண்டாவை யாரனா பாத்துக்கோங்க" என்றாள் முத்தம்மா.

அவளுக்கு அந்தக் கதவைப் போல் இன்னொரு கதவைத் தெரியும். பொன்னேரிக்கு மேற்கே அவள் பிறந்த ஊரில் ஒரு பெரிய வீடு இருந்தது. அவள் அப்பா அந்த வீட்டுக் கழனியில் கூலி, அம்மா அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு முத்தம்மாவும் அங்கே பாத்திரம் தேய்க்கப் போனாள். போக வர எல்லாம் தோட்டத்துப் படல் வழியாகத்தான். தேய்த்த பாத்திரத்தைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தால், அதன்மேல் தண்ணீர் தெளித்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுப்படி வாசலைக்கூட அவள் தாண்டியதில்லை.

ஆனால் பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் அவளை முன்பக்கம் கூப்பிடுவார்கள். கதவில் இருக்கிற பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உள்ளே தாழ் போட்டுக்கொள்வார்கள், அதன்பிறகுதான் அவள் படியேறலாம். சாத்திய கதவின் வெளிப்பக்கத்தை அவள் தேய்ப்பாள். தேய்த்து முடித்துப் படியிறங்கிய பிற்பாடு கதவு திறக்கும். வெளியிலேயே இப்படி மின்னுகிறதே, உள்பக்கம் எப்படி மின்னும் என்று அந்தச் சிறுமி யோசித்து யோசித்து மாய்ந்து போவாள். உள்பக்கக் குமிழ்கள் தங்கம் என்று தீர்மானமே பண்ணிவிட்டாள். அதைத் தேய்க்க வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, யாரென்றே தெரியாத அந்த ஆள்மேல் பொறாமையும் பட்டாள்.

பிறகு சிப்காட் வந்தது. கழனிகள் கம்பெனிகளாயின. பெரிய வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் போனார்கள். கதவை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரைக்குடியில் இருப்பது அதே கதவுதான் என்று இங்கே நான் எழுதினால் கதை ஜோராக இருக்கும். ஆனால் அது வேறு கதவு. அவள் தேய்த்த கதவில் ஒரு குமிழ் சப்பையாக இருக்கும், இதில் அப்படி ஒன்றும் இல்லை. அதையும் போனிலேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். வேறு கதவாக இருந்தால் என்ன, கதவு கதவுதானே?

டூருக்கு மகள் வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள். மோசஸ் மேலும் கீழும் பார்த்தான். "இன்னா, கிரகப்பிரவேசத்துக்கா கிளம்பற?" என்று கேட்டான். "ஆமா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

வழியில் விழுப்புரம் தாண்டியதும் கதவுக் கதையைப் பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்குச் சிரிப்பு வரவில்லை, அவர்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட அம்மாக்கள் இருந்தார்கள். கடைசி சீட்டிலிருந்து ஸ்நேகா என்கிற பெண் கத்தினாள்: "முன்கதவுல முத்தம்மாக்காதான் ஃபர்ஸ்ட் போகணும். நாமெல்லாம் பின்னாடி." பஸ்ஸே கை தட்டியது.

போய் இறங்கியதும் அப்படியே செய்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, முத்தம்மாவை முன்னால் விட்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி பெரிய வீட்டு வாசலுக்குப் போனார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. முத்தம்மா செருப்பைக் கழற்றினாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

"ஆத்தா, இது வெளிய வர்ற வழி" என்று சொல்லிக்கொண்டே வந்தார் காவலாளி. நல்ல வயசு, காக்கிச் சட்டை, சட்டைப் பையில் சடையப்பன் என்று பெயர். "உள்ள போகணும்னா பின்னாடி அடுப்படிப் பக்கமாப் போகணும். ஒருவழிப் பாதை."

முத்தம்மாவின் கால் படியிலேயே நின்றது. அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் குலுங்கி இவ்வளவு தூரம் வந்து, டிக்கெட்டும் எடுத்து, மறுபடியும் அதே பின்பக்கமா? கண் கலங்கிவிட்டது, பக்கத்திலிருந்த ஹேமாவதிக்குத் தெரியாமல் இல்லை.

"யாரு வந்தாலும் பின்பக்கம்தானா?" என்று கேட்டாள் முத்தம்மா.

"யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆத்தா. இந்த வீட்டைக் குடுத்தவுகளே வந்தாலும் அடுப்படி வழியாத்தான் விடுவேன்."

ஹேமாவதி அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். ஸ்நேகாவும் சேர்ந்துகொண்டாள். சடையப்பன் தலையைச் சொறிந்தார், முத்தம்மாவைப் பார்த்தார், ஆபீஸ் பக்கம் பார்த்தார். கல் மனசு இல்லை அவருக்கு. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சரி ஆத்தா, நீங்க மட்டும் போங்க. யாரும் பார்க்கலை, வெரசா உள்ள போயிருங்க."

எல்லோரும் முத்தம்மாவைப் பார்த்தார்கள். ஒரே எட்டுதான். போயிருக்கலாம். அவள் படியிலிருந்து காலை எடுத்தாள்.

"வேணாங்க. யாரும் பாக்காம போறதுக்கா நான் வந்தேன்?" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "எனக்கு மட்டும் இன்னா தனி வழி? எல்லாரும் எப்பிடிப் போறாங்களோ அப்பிடியே போறேன். நடங்கடி" என்று பின்பக்கம் நடந்தாள். ஊர்வலம் பின்னால் போனது.

பின்கட்டில் கிணறு, துவைகல், மாட்டுத் தொட்டி. கிணற்றுக்கு ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்கள், துவைகல்லுக்கு ஒரு பலகை. பாத்திரம் தேய்க்கிற மேடைக்கு மட்டும் எதுவும் இல்லை. முத்தம்மா அங்கே சற்று நேரம் நின்றாள். மேடை கைக்குத் தோதாக இல்லை, குனிந்தால் முதுகு போய்விடும் என்று தோன்றியது. அடுப்படி வாசலைத் தாண்டினாள். கோட்டையடுப்புகள், ஆட்டுக்கல், ஆள் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள். கல்யாணத்துக்கு ஆக்கினால் எத்தனை பந்தி போடலாம் என்று ஸ்நேகாவுக்குக் கணக்குச் சொன்னாள். முற்றம் தாண்டி, தூண்கள் தாண்டி, ஊஞ்சல் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். மற்றவர்கள் ஊஞ்சலோடு போட்டோ எடுக்க நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் நேரே முன்கதவுக்குப் போய், திறந்திருந்த கதவின் பின்னால் புகுந்து உள்பக்கத்தைப் பார்த்தாள்.

வெறும் பலகை. ஒரு குமிழ் இல்லை, ஒரு பூ வேலை இல்லை. குறுக்குச் சட்டங்கள், ஒரு முரட்டுத் தாழ்ப்பாள், எப்போதோ எண்ணெய் இட்ட கறை. இரட்டைக் கதவின் இன்னொரு பாதியையும் பார்த்தாள். அதுவும் அப்படியே. இழைப்புளி போட்டுச் சரியாக இழைக்கக்கூட இல்லை, கைக்குச் சிராய் குத்தியது.

முத்தம்மாவுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. தங்கமாவது வெள்ளியாவது! அழகெல்லாம் வெளிப்பக்கம்தான் இருந்திருக்கிறது. அதை வருஷா வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கிட்டே நின்று பார்த்தவள் அவள்தான். உள்ளே இருந்தவர்கள் இந்தக் கட்டைப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், பாவம். யார்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டாளோ, அந்த ஆளே இல்லை.

புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நிலைப்படியில் நின்று, ஒரு கையை வெளிப்பக்கக் குமிழ்மேல் வைத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அவசரமே இல்லாமல் முன்கதவு வழியாக வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு குடும்பம் நின்றது. வேறு ஊர்க் காரில் வந்தவர்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தங்க பிரேம் கண்ணாடியுமாக ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் மனைவி, பிள்ளைகள். சடையப்பன் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். பட்டுப் புடவையோடு, சொந்தக் கதவில் கை வைப்பதுபோல் கை வைத்துக்கொண்டு வருகிறவளைப் பார்த்ததும் அந்த மனிதர் தானாகவே ஒரு படி கீழே இறங்கினார்.

"வணக்கம்மா. உங்க வீடுங்களா? நாங்க உள்ளே வந்து பார்க்கலாமா?"

முத்தம்மா அவரைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள். தன் வீடு இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை.

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் கேன்டீன் குரலில். "ஆனா இப்பிடி வரக்கூடாது. பின்பக்கமா சுத்திக்கினு வாங்க."

"சரிங்கம்மா" என்றார் அவர். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் நடந்தார். அவர்கள் மூலை திரும்புகிற வரைக்கும் முத்தம்மா முன்வாசலிலேயே நின்றிருந்தாள்.