கம்பளி மேடை

சிறுவயதில் நான் மனதார வெறுத்த ஆள் ஒருத்திதான். மேலூட்டுப் பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில் குடியிருந்தவள் என்பதால் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. இன்றைக்கு நான் சாமி கும்பிடக் கண்ணை மூடினால் குலசாமிக்கு அடுத்தபடி வந்து நிற்பது அவள் முகம்தான். அது எப்படி இப்படித் தலைகீழாகிப் போனது என்பதை ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கொல்லிமலையில் பெரக்கரை நாட்டில் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் காலம். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். அம்மா என்னைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். என்னை வளர்த்தது அப்பாவும், அப்பாவின் தங்கையான என் அத்தையும், அவள் புருஷனான மாமாவும். நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அப்பா மலைமேல் இருந்த காப்பித் தோட்டத்தில் கூலி. மாமா பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் ரோடு வெட்டப் போய்விட்டார். துப்பாக்கி பிடிக்கப் போகிறார் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் கொடுத்தது மண்வெட்டி என்பது பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்தில் அடைமழைக்கு முன்னால் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பது வழக்கம். எங்கள் மலைக் குளிருக்கு அது இல்லாமல் முடியாது. அந்த வருஷம் துரை கையை விரித்துவிட்டார். கம்பளியெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறதாம். அப்பாவும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார்கள். கம்பளி இல்லையென்றால் கொட்டும் மழையில் பழம் பறிக்கச் சொல்லாதீர்கள் என்றார்கள். அதுவும் ஆகாது என்று பதில் வந்தது. மறுநாள் தோட்டத்தில் ஒரு ஆள் கூடையைத் தொடவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து போலீஸ் மலையேறி வந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போயிற்று. அப்பா போகும்போது நைந்துபோன பழைய கம்பளியைத்தான் போர்த்திக்கொண்டு போனார்.

இங்கேதான் மேலூட்டுப் பெரியம்மா வருகிறாள். அவளுக்கு ஒரே மகன். அவனும் மாமாவோடு பட்டாளத்துக்குப் போனவன். அவள் எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு கத்தினாள்.

"என்ற மவன் அங்க குளிருல கெடக்கறான். இவியளுக்கு இங்க கம்பளி கேக்குதா? வெக்கமா இல்ல?"

அன்றிலிருந்து பெரியம்மா எங்கள் அடுப்பிலிருந்து நெருப்பு வாங்குவதை நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய பகை கிடையாது.

அந்த மழைக்காலம் எங்களை வாரிக்கொண்டு போயிற்று. முதலில் ஜெயிலில் காய்ச்சல் கண்டு அப்பாவும் சித்தப்பாவும் செத்த செய்தி வந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்களாம். அந்த அழுகை ஓய்வதற்குள் பட்டாளத்திலிருந்து சேதி. மாமாவும், பெரியம்மாவின் மகனும், கீழ்த்தெருப் பையன் ஒருவனும் போய்விட்டார்கள். ஊர் திரும்பிய ஒரு ஆள் மூன்று பேருடைய கம்பளிகளையும் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றும் ஒரே சாம்பல் நிறம், ஒரே நெசவு. பெரியம்மா தன் மகனுடையதை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு மூன்று நாள் சோறு தின்னவில்லை என்று சொன்னார்கள். நான் மாமாவின் கம்பளிக்குள் அத்தையோடு சுருண்டு படுத்து, இத்தனை கதகதப்பான ஒரு சாமானை எதற்காகத் துரை எங்களுக்குத் தர மறுத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியூரில் செத்து உடல் ஊர் வந்து சேராதவர்களுக்கு எங்கள் ஊரில் கல் இறக்குவார்கள். செத்தவர் குளிக்கிற துறையிலிருந்து பெற்ற பிள்ளையோ உற்றவரோ ஒரு கல் எடுத்து வரவேண்டும். அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, அவர் போர்த்திய கம்பளியில் சுற்றிக் கட்டிவிட்டால் அது கல் இல்லை, பிணம். அதைக் குழியில் இறக்கினால்தான் அந்த ஆள் மலைப்பாதையில் ஏறி வந்து, இதுதான் நம் ஊர் என்று தெரிந்து நிற்பார். இறக்காவிட்டால் பாதையில் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்துகொண்டே கிடப்பார். அப்பா மழையில், கம்பளியும் இல்லாமல், அந்தப் பாதையில் அலைகிறார் என்ற நினைப்பிலேயே எனக்குப் பல்லெல்லாம் கிட்டிக்கும்.

ஐந்து பேரையும் ஒரே குழியில் இறக்கி மேலே ஒரு மேடை கட்டுவது என்று ஊர்க்கவுண்டர் முடிவு செய்தார். பாதை மலை ஏறி முடிகிற இடத்தில், தோட்டத்து எல்லையை ஒட்டி இடம் பார்த்தார்கள். சண்டையில் செத்தவர்களுக்கு மேடை என்று கேள்விப்பட்டுத் துரையே சுண்ணாம்பும் கொத்தனும் அனுப்புவதாகச் சொன்னார். மற்ற இரண்டு பேரைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கல் எடுக்க அத்தை என்னை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் துறையிலேயே பெரிய கல்லைக் காட்டினேன்.

"சாமி, சின்னதா ஒண்ணு எடு. தூக்கோணுமில்ல?"

"எங்கப்பா சின்ன ஆளா?"

அத்தை சும்மாட்டைச் சுற்றினாள். இரண்டு பேருமாக அதைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பெரியம்மா எடுத்துவந்த கல் மாங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் மகன் உடம்பும் அப்படித்தான். ஊதினால் பறந்துவிடுவான்.

சுற்றுவதற்கு அப்பாவின் கம்பளி இல்லை. சித்தப்பாவின் கம்பளியும் இல்லை. அந்த மனுஷனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கேட்க நாதியும் இல்லை. அத்தை உள்ளே போனாள். மாமாவின் கம்பளியைக் கொண்டுவந்து கட்டையில் போட்டு, கொடுவாளால் மூன்று துண்டாக வெட்டினாள். பார்த்த பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்கள். "புருஷன் கம்பளிடீ அது!" என்றாள் ஒருத்தி.

"கேட்டுத்தான செத்தாங்க. போர்த்திக்கட்டும்" என்றாள் அத்தை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்காக என்று சொன்னால் பொய். இனி ராத்திரிக்கு எதைப் போர்த்திக்கொள்வது என்றுதான்.

ஐந்து கல்லும் கட்டி, பெரிய மூங்கில் கூடையில் வைத்துக் குழி ஓரம் கொண்டுபோனோம். எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கட்டுகள். அப்போதுதான் தோட்டத்துக் கங்காணி வந்தார். கீழ்நாட்டுக்காரர், எண்ணெய் வழியும் கிராப்பு. துரை சொன்னதைச் செய்யாவிட்டால் அவர் பிழைப்புப் போய்விடும், பாவம். அன்றைக்கு எனக்கு அந்தப் பாவம் எல்லாம் தெரியவில்லை.

"ஏனுங்க கவுண்டரே, தொரை சுண்ணாம்பு குடுத்தது பட்டாளத்தானுக்குங்க. செயிலுக்குப் போனவிங்களுக்கு இல்லீங்க. அந்த ரெண்டையும் எடுத்து அக்கட்டால வீசுங்க. இல்லாட்டி நாளைக்கு இந்த ஊர் ஆளு ஒருத்தனுக்கும் தோட்டத்துல வேலையில்ல, சொல்லிட்டேன்."

ஊர்க்கவுண்டர் நிதானமாகச் சொன்னார். "எது எதுன்னு எனக்கெப்படிங்க தெரியும்? கட்டுன கல்லு பொணமுங்க. பிரிக்கப்படாது. பிரிச்சவன் பெத்த மவனாட்டம் மொட்டை போட்டுத் தீட்டுக் காக்கோணும். நீங்க பிரிக்கறீங்களா?"

கங்காணியின் கை தானாகக் கிராப்பைத் தொட்டது. அவர் அத்தையிடம் திரும்பினார். "எதும்மா உன்ற அண்ணன் கல்லு?"

"தெரியலீங்க. எல்லாம் ஒரே கம்பளி. கலந்து போச்சுங்க."

நான் வாயைப் பிளந்துகொண்டு அத்தையைப் பார்த்தேன். பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற அத்தை, அத்தனை பேர் முன்னால் கூசாமல் பொய் சொல்கிறாள்! அவளும் நானும்தானே அந்தக் கல்லைச் சுமந்தோம்?

கங்காணி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரல் தேனாக மாறிவிட்டது. "கண்ணு, நீ கெட்டிக்காரி. உங்கப்பன் கல்லு எது? மாமனுக்குக் காட்டு."

அத்தையின் விரல்கள் என் தோளில் இறங்கின. எனக்கு அது உறைக்கவே இல்லை. எங்கள் அப்பா கல்தானே எல்லாவற்றிலும் பெரியது? அதைச் சொல்வதில் எனக்கு என்ன தயக்கம்?

"அந்தப் பெருசு! அதுதான் எங்கப்பா!" என்று கையை நீட்டினேன்.

கங்காணி எழுந்து கூடைக்குள் கையை விட்டார்.

"கைய எடுங்க."

மேலூட்டுப் பெரியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெரிய கம்பளிக் கட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அது என்ற மவனுங்க."

"புள்ள காட்டுதே?"

"புள்ளைக்கு என்னங்க தெரியும்? பெருசா இருக்கறதெல்லாம் தன்றதுங்கும்."

"ஏம்மா, உன்ற மவன் கோழி எலும்பாட்டம் இருப்பான். இத்தனை பெருசாக்கும்?"

"பட்டாளத்துச் சோறுங்க" என்றாள் பெரியம்மா. "தின்னு பெருத்துட்டானுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் விடவில்லை.

"எடுத்து வீசறதானா வீசுங்க. நானே தொரைகிட்ட வாரேன். சண்டையில செத்த என்ற மவனை உங்க கங்காணி காட்டுல எறிஞ்சாருன்னு சொல்றேன். அப்பறம் உங்க பாடு, தொரை பாடு."

கங்காணி கையை எடுத்துக்கொண்டார். கூடையை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். என்னமோ முணுமுணுத்துக்கொண்டே பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

நான் சும்மா இருப்பேனா? "பொய்! அது எங்கப்பா! திருடி!" என்று தரையில் புரண்டு அலறினேன். பெரியம்மா காதில் வாங்காமல் எங்கள் கல்லைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் குழியின் வடமூலையில் இறக்கினாள். தோட்டத்துக் கொத்தன் பார்த்துக்கொண்டு நின்றதால் பாதியில் மாற்றவும் முடியாது. ஊர்க்கவுண்டர் கூடையிலிருந்து அந்த மாங்காய்க் கல்லை எடுத்து என் கையில் வைத்து, "எறக்கு சாமி" என்றார். நான் மாட்டேன் என்று திமிறினேன். அத்தை என் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அழுத்தி, தென்மூலையில் அதை இறக்க வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். திருடினவளுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரு திருப்தி.

பொழுது விடிந்ததும் அவள் எங்கள் வாசலில் ஓட்டாஞ்சில்லோடு நின்றாள். அத்தை அடுப்பிலிருந்து கங்கு எடுத்துப் போட்டாள். நான் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த மனுஷி செய்தது சின்னக் காரியம் இல்லை. அப்பா மேல் அவளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. கோபம் இருந்தே செய்திருந்தால் அது இன்னும் பெரிது. அவளும், வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற அந்த ஊரும் இல்லாவிட்டால் என் அப்பாவுக்கு இந்த மலையில் ஒரு பிடி மண் இல்லை. துரையின் சுண்ணாம்பில், துரையின் கொத்தன் கையால், துரையை எதிர்த்து நின்றவர்களுக்கும் சேர்த்து மேடை எழும்பியது. எந்தப் பேரும் வெட்டாத அதைக் கம்பளி மேடை என்றுதான் ஊர் சொன்னது. கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேறென்ன சொல்ல.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த ஆடி நோன்பியைப் பற்றி. நோன்பியன்று அவரவர் கல் இருக்கிற இடத்துக்கு மேலே அவரவர் இலை போட்டுச் சோறு வைக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா நேராக வடமூலைக்குப் போய் இலை போட்டு, சாமைச் சோறும் பலாச்சுளையும் வைத்து, எங்கள் அப்பாவுக்கு மேலே மகனே மகனே என்று அழுதாள். எங்களுக்குத் தென்மூலை, அந்த மாங்காய்க் கல்லுக்கு மேலே. நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு, சோற்றை அள்ளிப் பட்டென்று இலையில் போட்டேன்.

எழுந்து போகும்போது பெரியம்மா எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் இலையையே பார்த்தாள். பிறகு குனிந்து என் காதோடு, "மொச்சைக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து கண்ணு. அதுன்னா உசுரு" என்றாள்.

எங்கள் அப்பாவுக்கு மொச்சை ஆகவே ஆகாது. இடத்தையும் பிடித்துக்கொண்டு, இலையில் வைப்பதற்கும் அதிகாரமா என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அத்தை முறைத்ததால் வேறு வழியில்லாமல் ஒரு கரண்டி ஊற்றினேன். அவ்வளவு குழம்பையும் யார் தின்னப்போகிறார்கள் என்று முணுமுணுத்தேன். பெரியம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அவள் கை பட்ட இடத்தை நான் பாவாடையால் துடைத்துக்கொண்டேன்.