மாமியின் கால் கிறீம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவது. நான் சவளக்கடையிலிருந்து பாலமுனைக்கு வந்தபோது என் பெட்டியில் உடுப்பும் சவர சாமானும் மட்டும்தான் இருந்தன. எங்கள் வீட்டில் உடம்புக்குப் போடுகிற சவுக்காரம்தான் முகத்துக்கும் தலைக்கும்.

வந்த வீட்டில் மனைவியும் அவளுடைய உம்மாவான என் மாமியும் இருந்தார்கள். மனைவி முகத்துக்குப் பூசுகிற சாமான்கள் விற்பவள். கொழும்பிலிருந்து எடுப்பித்து, போனில் படம் போட்டு விற்பாள். நாங்கள் கல்யாணம் முடித்த காலத்தில் ஆண்களுக்கான சாமானும் எடுக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு கறுப்புப் போத்தல்: முகம் கழுவ ஒன்று, முகம் மழித்த பிறகு பூச ஒரு தண்ணி.

“நீ பூசுறதையே நானும் பூசினா என்ன?” என்று கேட்டேன்.

“ஆம்புளட தோலு தடிப்பு. எண்ணையும் கூட. பொம்புளட கிறீம் உங்களுக்குச் சரிவராது” என்றாள். விற்கிறவர்கள் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் அதை நம்பித்தான் சொன்னாள்.

நான் தாடி வைத்திருக்கிறேன். கன்னத்தின் மேற்பக்கத்தையும் கழுத்தையும் மழிப்பேன். மழித்த இடத்தில் அந்தத் தண்ணி பட்டதும் நெருப்புப் பட்டதுபோல எரிந்தது. பிறகு புதினா தின்றதுபோல ஒரு குளிர்ச்சி. எரிவுதான் வேலை செய்வதன் அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் படம் பிடித்து, ‘என்ட மாப்புள பாவிக்கிறார்’ என்று எழுதிப் போட்டாள். ஊர் ஆட்கள் கேட்டு வாங்கினார்கள். அதன்பிறகு எரிகிறது என்று எப்படிச் சொல்வது?

நெல்லு வெள்ளாமை வெட்டுகிற காலம் வந்தது. மெஷின் வெட்டினாலும் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அரிக்கிற நெல்லுச் சுணை தப்பாது. வயல் வட்டையில் நாள் முழுக்க வெயிலில் நின்று, நெல்லுச் சுணையும் வேர்வையும் ஒட்டின முகத்தோடு வீட்டுக்கு வந்து, கறுப்புப் போத்தலில் உள்ளதால் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணியையும் பூசினேன். காலையில் கழுத்து சிவந்து தடித்திருந்தது. சில இடத்தில் நீர் கசிந்தது. தலையணை உறையில் கறை.

மனைவி பயந்துபோனாள்.

“என்ன இது?”

“சுணைதான். வேற என்ன?”

“வருசா வருசம் வட்டைக்குப் போற ஆள் நீங்க. இதுக்கு முன்ன இப்பிடி வந்திரிக்கா?”

வந்ததில்லை. அவள் உள்ளே போய், மழித்த பிறகு பூசுகிற அந்தத் தண்ணிப் போத்தலை எடுத்துவந்து, தன் கையை நீட்டி, முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

“அது ஆம்புளச் சாமான்தானே?” என்றேன்.

“பாப்பம்” என்றாள்.

அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது கையைக் காட்டினாள். பூசின இடம் சிவந்து சொரசொரப்பாக இருந்தது. ராத்திரி முழுக்கச் சொறிந்திருக்கிறாள்.

“உங்கட தோலுலயும் பிழையில்ல, என்ட தோலுலயும் பிழையில்ல. இது ரெண்டு பேருக்கும் கூடாத சாமான்” என்றாள். “எரியுதெண்டு ஏன் சொல்லல்ல?”

“நீ படம் போட்டுட்டாயே.”

அவளுக்குக் கோபம் வந்தது. என்மேலா, போத்தல்மேலா என்று தெரியவில்லை. போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் மோட்டர் சைக்கிளில் ஏறினாள்.

அட்டாளைச்சேனையில் மாமி சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கிற டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே இருப்பவர் கல்முனையைச் சேர்ந்த பெண் டொக்டர். என் கழுத்தையும் அவள் கையையும் பார்த்து, போத்தலை முகர்ந்து பார்த்தார்.

“மழிச்ச தோலுல இவ்வளவு ஸ்பிரிட்டும் வாசமும் பட்டா யாருக்கும் எரியும்.”

“அப்ப ஆம்புளைக்கும் பொம்புளைக்கும் வித்தியாசம் இல்லையா டொக்டர்?” என்று மனைவி கேட்டாள். அவளுக்கு அது தொழில் கேள்வி.

“இருக்கு. அவருக்கு எண்ணெய் கொஞ்சம் கூட, மழிக்கிறார், வெயில்ல நிக்கிறார். அதுக்கேத்த மாதிரிப் பாவிக்க வேணும். ஆனா எண்ணெய்த் தோல் உள்ள பொம்பிளையும் இருக்காங்க, காஞ்ச தோல் உள்ள ஆம்பிளையும் இருக்காங்க. தோலைப் பாத்து வாங்குங்க, போத்தல்ட நிறத்தைப் பாத்து வாங்காதீங்க.”

புண்ணுக்கு ஒரு மருந்து எழுதினார். அது ஆறின பிறகு வாசமில்லாத சாதாரணக் கிறீம் ஒன்று போதும் என்றார்.

“உங்கட உம்மாட கால் வெடிப்புக்குத் தந்தேனே, அதுவே காணும்.”

வீட்டுக்கு வந்து மனைவி இதைச் சொன்னபோது மாமி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டின் முன் மண்டபத்தில் இருந்தேன். மாமி என்னோடு நேரே கதைக்கிற வழக்கமில்லை. சாப்பிடச் சொல்வதென்றாலும் மகள் மூலம்தான் வரும்.

“என்ட கால்ல பூசுறத மருமகன்ட மொகத்துல பூசுறதா? ஊரு சிரிக்கும் புள்ள!”

“டொக்டர்தான் சொன்னாங்க, உம்மா.”

பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மாமி கதவடிக்கு வந்தார். கையில் வெள்ளை டப்பா.

“மருமகன், இதுக்குள்ள நான் கால் தொட்ட வெரலப் போட்டிரிக்கன். இது வாணா. புதுசு ஒண்டு வாங்குங்க” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மாமி என் முகம் பார்த்துச் சொன்ன முதல் கதை அதுதான்.

புதிதாக ஒன்று வாங்கினோம். கழுத்து மெதுவாக ஆறியது. மழித்த பிறகு இப்போது நான் அதைத்தான் பூசுகிறேன். வட்டைக்குப் போகும்போது மனைவியின் வெயில் கிறீமையும் பூசுவேன். அவளுடையது காய்ந்த தோல், அதனால் முகம் கழுவுகிற சாமான் மட்டும் வேறு வேறு.

அவள் அந்தப் படத்தை எடுத்துவிட்டாள். வாங்கினவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் பண்ணி, எரிந்தால் பாவிக்க வேண்டாம், திருப்பித் தாருங்கள் என்றாள். சிலர் தந்தார்கள். சிலருக்கு ஒன்றும் செய்யவில்லையாம், நல்லாயிருக்கிறதாம். யாவாரத்தை அவள் விடவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்பதை விட்டுவிட்டு, எண்ணெய்த் தோலா, காய்ந்த தோலா, மழிக்கிறதா என்று கேட்கத் தொடங்கினாள்.

போன கிழமையும் அண்ணன் முறையான ஒருவர், அந்தக் கறுப்புப் போத்தல் இல்லையா, ஆம்பிளைக்கு அதுதானே பொருத்தம் என்று விடாமல் கேட்டார்.

“இல்ல, நானா, வெள்ளை டப்பாதான் இரிக்கி” என்றாள் இவள். “முதல்ல கையில பூசிப் பாருங்க. சரியெண்டா மொகத்துக்குப் போடுங்க.”