எடை சரியாக இருந்த ஒரே உருண்டை

எனக்கு எழுத்தைத் திருப்பிப் படிக்க வரும். சிவகாசியில் அச்சகத்தின் பின்கட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அச்சுக் கோக்கிற ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறித்தான் இருக்கும். மற்ற பிள்ளைகள் சிலேட்டில் அ, ஆ படித்தபோது நான் அந்த அ, ஆவைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு இந்த வித்தையால் ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லை. ஒரே ஒரு முறை உதவியது. அந்த உதவி இல்லாமலிருந்தால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்திருக்கும்.

புகுந்த வீட்டில் மாமனார் விட்டுப்போன ரைபிள் ஒன்று இருந்தது. குழலுக்குள் மரை வெட்டியிருக்கும். வாய் வழியாக மருந்தைக் கெட்டித்து, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈய உருண்டையைத் தட்டி இறக்க வேண்டும். மலையடிவாரத்தில் எங்களுக்குக் கடலைக்காடு. காட்டுப்பன்றிக்குக் கடலை என்றால் உயிர். கூட்டமாக இறங்கினால் ஒரு குறுக்கம் நிலத்தை உழவு போட்ட மாதிரி கிளறிவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மற்ற எல்லாவற்றிலும் ஏனோதானோ. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்கே வந்துவிடுவார். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அப்படியொரு கறார். மாமனார் மாதிரிக்காக ஒரு உருண்டையை வைத்துவிட்டுப் போயிருந்தார். புதிதாக வார்க்கும் ஒவ்வொரு உருண்டையையும் நகைத் தராசில் அதற்கு எதிரே வைத்து நிறுக்க வேண்டும். இலேசான குண்டு மேலே தூக்கிப் போகுமாம். பன்றியின் தோளில் பலகை மாதிரி கெட்டித்த கொழுப்பு இருக்கிறது, அதைத் துளைத்து உள்ளே போக அதற்குத் தெம்பு போதாதாம். கனத்தது வழியிலேயே தாழ்ந்துவிடுமாம். கண் பார்க்கிற இடமும் குண்டு போகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் எடை மாறக் கூடாது என்பார். வார்ப்பதும் நிறுப்பதும் என் வேலை. அடுப்பங்கரை என்னிடம்தானே இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். கடலை பிடுங்கப் பத்து நாள் இருந்தது. வீட்டில் ஈயம் தீர்ந்துபோயிற்று. நான் சிவகாசிக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். அச்சகத்தை அப்போது அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து அடித்துத் தேய்ந்துபோன எழுத்துகளை ஒரு சாக்குப்பையில் போட்டுக் கொடுத்தார். பிறந்த வீட்டுச் சீதனம் என்று நான் பெருமையாகச் சுமந்து வந்தேன். அச்சு எழுத்துக்கான ஈயத்தில் வேறு உலோகமும் கலந்திருக்கும், அதனால் அது கெட்டியாகவும் இலேசாகவும் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அடுப்பை மூட்டி, கரண்டியில் கைப்பிடி கைப்பிடியாக எழுத்துகளைப் போட்டு உருக்கினேன். பதினோரு உருண்டை வார்த்தேன். வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தன. பையின் அடியில் நூல் சுற்றிய ஒரு சின்னக் கட்டு கிடைத்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். சட்டென்று கீழே போட்டுவிட்டேன்.

எங்கள் அச்சகத்தில் அதைக் கருப்புக்கட்டு என்போம். கருமாதிக் கடிதம் அடிக்க யாராவது எந்த நேரத்திலும் வருவார்கள். அதனால் ‘காலமானார்’ என்ற சொல்லை மட்டும் கலைக்காமல், நூல் சுற்றி, எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள். சின்ன வயதில் நாங்கள் அதைத் தொட மாட்டோம். அந்தக் கட்டு எப்படியோ தேய்ந்த எழுத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. நூல் தளர்ந்து, கடைசி ‘ர்’ எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது. மீதி ‘காலமானா’ என்று நின்றது.

காலமானா. நம் பேச்சில் அதற்கு என்ன பொருள்? யாரோ என்னைப் பார்த்து, ‘உன் புருஷன் காலமானா என்ன செய்வ?’ என்று பாதிக் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு மூக்கின்மேல் கோபம். பயம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். அண்ணனைத் திட்டினேன். சனியன் ஒழியட்டும் என்று அந்தக் கட்டை நூலோடு கரண்டியில் போட்டேன். உருக்கிவிட்டால் சொல் அழிந்துவிடும் என்று நினைத்தேன். நூல் கருகிப் புகைந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன, சுழி போட்ட பழைய ‘னா’ கடைசியாகக் கரைந்தது. ஒரு உருண்டைக்குச் சரியாக இருந்தது.

பன்னிரண்டையும் நிறுத்தேன். பதினோரு உருண்டையும் ஒன்றுபோல, மாமனார் உருண்டையைவிடப் பதினைந்து குன்றிமணி எடை குறைந்தன. பன்னிரண்டாவதை வைத்தேன். முள் நடுவில் வந்து நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நடுவில்தான் நின்றது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பட்டப்பகல், கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கட்டு பழைய வார்ப்பு, அதில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கும் என்று பின்னால் அண்ணன் ஒரு காரணம் சொன்னார். மாமனார் உருண்டையோடு மயிரிழை பிசகாமல் நின்றதற்கு அவராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

எடை சரியாக இருப்பது அது ஒன்றுதான். அவர் வந்து நிறுத்தால் அதைத்தான் எடுப்பார். அந்தச் சொல்லை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவதா? நான் விடுவேனா? அதை எடுத்து உப்பு போட்டுவைக்கிற மரவைக்குள் புதைத்தேன். பிறகு ஒரு நகக்கண் அளவு புளியைக் கிள்ளி, புது உருண்டை வைக்கிற தட்டின் அடியில் ஒட்டினேன். கடைக்காரர்கள் செய்கிற திருட்டுத்தனம்தான். சாயங்காலம் அவர் வந்து பதினொன்றையும் நிறுத்தார். எல்லாம் சரியாக இருந்தன. உன் அண்ணன் ஈயம் பிரமாதம் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர் காட்டுக்குப் போனார். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் வரப்பில் நடக்கிற நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. அவர்கள்தான் முதலில் ஓடியிருக்கிறார்கள். ஒற்றைப் பன்றி, பெரிய ஆண். தோளில் பட்ட குண்டு உள்ளே இறங்கவில்லை. அது விழுந்து, எழுந்து, நேராக அவர்மேல் வந்திருக்கிறது. வலது தொடையை முழங்கால்வரை கிழித்துவிட்டது. கம்பெனி லோடு ஏற்ற வந்த லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் வலியில் முனகியபடி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். குறி தப்பவில்லை, பிறகு ஏன் போகவில்லை என்று. என் மடியில்தான் அவர் தலை இருந்தது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

இருபதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து பன்றி வரத் தொடங்கியது. இரவில் இல்லை. உச்சிவெயிலில், ஒரு மனிதர்கூடக் காட்டில் இல்லாத நேரத்தில், வீட்டை ஒட்டிய எங்கள் களத்துக்கு எதிரே ஓடைக்கரையில் வந்து நின்றது. கடலையைத் தொடவில்லை. மண்ணைக் கிளறவில்லை. வீட்டைப் பார்த்தபடி நின்றது. வெள்ளியாக மின்னியது.

முதல் நாள் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கம்பெனிப் பெண்கள்தான் விவரம் சொன்னார்கள். அலுமினியப் பொடி கலக்குகிறவர்கள் சாயங்காலம் கை, முகம் கழுவுகிற தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கும். புண்ணின் எரிச்சலுக்குப் பன்றி அந்தச் சேற்றில் புரண்டிருக்கிறது. காரணம் தெரிந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. வெயிலில் அந்த வெள்ளி உடம்பு அசையாமல் நிற்கும். தோளில் ஒரு இடம் மட்டும் கருப்பாகத் தெரியும். பிடுங்குகிற ஆட்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடலை மண்ணிலேயே முளைவிட ஆரம்பித்தது.

வீடு வந்த ஐந்தாம் நாள் அவர் தராசையும் உருண்டைகளையும் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோய் வைத்தேன். புளி காய்ந்து உதிர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு உருண்டையை வைத்தார், தட்டு மேலே போயிற்று. இன்னொன்றை வைத்தார், அதுவும் மேலே போயிற்று. தட்டைத் திருப்பி அடியில் இருந்த கறையை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இந்தா, புளிதான இது?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். கருப்புக்கட்டு, உதிர்ந்த எழுத்து, முள் நடுவில் நின்றது, உப்பு மரவை, ஒன்றையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மடங்கிய காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“அத எடுத்துட்டு வா,” என்றார்.

“வேண்டாங்க. உங்களக் கும்புடுதேன்.”

“எட சரியா இருக்குல்ல? எடுத்துட்டு வா.”

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன் இரண்டு ஆட்கள் கட்டிலோடு அவரைத் தூக்கிக் களத்தில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். மருந்தை நான்தான் கெட்டித்தேன். அந்த உருண்டையைத் துணியில் பொதிந்து குழலுக்குள் இறக்கினேன். ஒரே வெடி. தப்பினால் மறுபடி கெட்டிக்க நேரம் இருக்காது, எழுந்து ஓட அவருக்குக் கால் இல்லை. என்னை வீட்டுக்குள் போகச் சொன்னார். போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது வந்தது. ஓடைக்கரையில் ஏறி, வழக்கமான இடத்தில் நின்றது. பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தது. எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தது. ஓடவில்லை, நடந்துதான் வந்தது. காக்கா, குருவி சத்தம்கூட இல்லை. அதன் மூச்சு கேட்கிற தூரம்வரை அவர் சுடவில்லை. எனக்குள் அந்தப் பாதிக் கேள்வி திரும்பத் திரும்ப ஓடியது. காலமானா, காலமானா. அவர் சுட்டார். புகை விலகியபோது பன்றி முன்கால் மடங்கி உட்கார்ந்திருந்தது. அப்படியே சாய்ந்தது.

ஊர் ஆட்கள் வந்து களத்திலேயே அறுத்தார்கள். கூறு போடுகிறவர் இரண்டு குண்டையும் எடுத்து என் கையில் தந்தார். நெஞ்சுக்குள் இருந்தது வடை மாதிரி தட்டையாகிப் போயிருந்தது. தோள் கொழுப்பில் இருந்தது, முதல் நாள் சுட்டது, வார்த்தபடியே உருண்டையாக இருந்தது. கெட்டி ஈயம், நசுங்கவில்லை. ரத்தத்தை முந்தானையில் துடைத்தேன். ஒரு பக்கத்தில் என்னவோ புடைப்பாக விரலில் தட்டுப்பட்டது. முழுதும் உருகாத ஒரு எழுத்தின் முகம். தேய்ந்த எழுத்து, திருப்பிப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது வெறும் கீறல்.

‘ர்’.

கருப்புக்கட்டிலிருந்து உதிர்ந்தது அச்சகத்தில் விழவில்லை. பைக்குள்ளேயே கிடந்து, நான் முதலில் அள்ளிய கைப்பிடியோடு கரண்டிக்குள் போயிருக்கிறது. சொல்லின் பெரும்பகுதியை உப்புக்குள் ஒளித்துவைத்துவிட்டு, மிச்சத்தை என் கையாலேயே அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அவர் கட்டிலில் இருந்தபடி என் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். இந்த முறை மறைக்கவில்லை. காட்டினேன், என்ன எழுத்து என்றும் சொன்னேன். உருண்டையை வாங்கி விரலால் தடவினார். தட்டையானதையும் வாங்கி இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“பன்னிக்குப் போயி இம்புட்டு மரியாதையா,” என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும். கையை என் பக்கம் நீட்டினார். “சேத்துப் படி.”

படித்தேன். பன்றியைப் பார்த்துத்தான் படித்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.