ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கலர் பக்கம்

காய்ந்துபோன மை வெந்நீரில் கரையும்போது ஒரு வாசனை வரும். பள்ளிக்கூடத்து இங்க் புட்டியின் வாசனையும் அல்ல, பெயின்ட் வாசனையும் அல்ல. ஈரக் காகிதத்தில் லேசாக ஸ்பிரிட் கலந்தாற்போல... நண்பர்களே, என் மனத்தில் அந்த வாசனைக்கு ஒரு நிறமும் உண்டு. நீலம்.

அப்போது மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டர் கூடத்து மேசையில் இருந்தது. கலர் மை விலை அதிகம். ஆகவே அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "கலர் அச்சு, என்னைக் கேட்ட பிறகு மட்டும்."

யாரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் கருப்பு மட்டுமே ஓடியது.

என் தங்கை கயல்விழி வடக்கே ஒரு டிசைன் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். ஊரூர் குப்பத்துக் கரையில் உட்கார்ந்து, படகுகளின் நிறங்களையும் கடலையும் பார்த்து, கம்ப்யூட்டரில் புடவைக் கரைகளாக வரைந்திருந்தாள். அந்தப் பக்கங்கள் திங்கட்கிழமை காலை கூரியரில் போயாக வேண்டும். ஞாயிறு மதியம் அச்சுக்குக் கொடுத்தாள்.

வெளியே வந்த முதல் பக்கத்தில் கடல் ரோஜா நிறத்தில் இருந்தது.

"இன்னாண்ணா, கடலுக்கு வெக்கம் வந்துடுச்சா?" என்றாள். வாய்தான் சிரித்தது, கண் கலங்கியிருந்தது.

மையைத் தெளிக்கும் அச்சுத் தலையின் நுண்துளைகளில் நீல மை காய்ந்து அடைத்திருந்தது. லஸ் பக்கம் கலர் பிரிண்ட் போடும் கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. பிரிண்டரில் இருந்த 'கிளீனிங்' பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மை குறைந்தது, நீலம் வரவில்லை.

பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதையும் வரிசைப்படி செய்தால்தான் எனக்கு நிம்மதி. சமையலறையிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டுவந்து, மேல்மூடியின் திருகுகளை ஒரு குழியிலும், பக்கவாட்டுத் திருகுகளை அடுத்த குழியிலும், கழற்றிய வரிசை மாறாமல் இட்டுவந்தேன். கயல் டார்ச் பிடித்துக்கொண்டாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, ஸ்க்ரூவ இட்லி ஊத்தப் போறியா? அங்க மாவு பொங்கிக்கினு கீது!"

"தொடாதம்மா. வரிசை கலைஞ்சிடும்."

"ஓடலைன்னா வுடு நைனா. இங்கியே ஒரு காலேஜ்ல சேந்துட்டுப் போவட்டும். அம்மாந்தூரம் எதுக்கு?"

இதைச் சொல்லும்போது அம்மா திருகுகளைத்தான் பார்த்தாள், கயலைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீ அந்தாண்ட போய் வேண்டிக்கோ. இங்க நின்னு வேண்டிக்காத, அண்ணனுக்கு ஸ்க்ரூ டிரைவர் வழுக்குது" என்றாள் கயல்.

உண்மையில் வழுக்கத்தான் செய்தது. நீலம் வந்தால் அவள் போய்விடுவாள் என்பது எனக்கும் தெரியும்.

தட்டையான கேபிளை மடங்காமல் நேராக உருவி, அச்சுத் தலையை வெளியே எடுத்தேன். கீழே டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, மேலிருந்து இங்க் ஃபில்லரால் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மஞ்சள் ஊறியது. சிவப்பு ஊறியது. நீலத்தின் இடம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. திரும்பத் திரும்ப விட்டும் அப்படியே. கிண்ணத்துத் தண்ணீரும் ஆறிப்போயிற்று.

கயல் டார்ச்சை அணைத்துவிட்டாள். "போதும்ணா."

அப்போது என் முழங்கையருகே ஆவி பறக்க ஒரு டம்ளர் வந்து உட்கார்ந்தது. அம்மா.

"பச்சத் தண்ணியில எது கரையும்? இத ஊத்து."

ஊற்றினேன். முதலில் அழுக்காக ஏதோ கசிந்தது. பிறகு வெள்ளைக் காகிதத்தில் நூல் போல ஒரு நீலம்... மெல்ல விரிந்து விரல் அகலத்துக்கு வந்தது.

"வந்துடுச்சா? சரி, தட்டக் குடு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அன்று கடல் நீலமாக வந்தது. கயல் தேர்வானாள். போனாள்.

நான் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய விதி எழுதி ஒட்டினேன்: "மை காயாமலிருக்க, ஞாயிறுதோறும் ஒரு கலர் பக்கம், கட்டாயம்." அந்தப் பக்கத்தைக் கயல்தான் அனுப்புவாள், மெயிலில், ஒரே ஒரு படம். ஹாஸ்டல் வாசலில் படுத்திருக்கும் ஒட்டகம். மெஸ்ஸில் அவளே சுட்டுக் கருக்கிய ரொட்டி. சில வாரம், பாவாடையில் அவளே. கம்ப்யூட்டர் பக்கமே வராத அம்மா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காகிதம் வரிவரியாக வெளியே வரும். "காலு தெரியுது... பாவாட தெரியுது... மூஞ்சி எப்படா வரும்?" என்பாள். படம் தலைகீழாக வரும்படி நான் கொடுப்பேன். முகம் கடைசியில் வரட்டும் என்றுதான்.

அம்மா போன பிறகு, கேட்க ஆளில்லை. விதி எழுதிய நானே ஒரு ஞாயிறு விட்டேன். பிறகு எல்லா ஞாயிறும் விட்டுப்போயின. இப்போது வீட்டில் லேசர் பிரிண்டர். கருப்பு மட்டும். மாதக்கணக்கில் தொடாவிட்டாலும் கேட்டவுடன் அச்சிட்டுத் தருகிறது. அதற்கு வாரம் தவறாமல் யாரும் எதுவும் அனுப்பத் தேவையில்லை.

கயல் இன்று கடல் தாண்டி இருக்கிறாள். குடும்பக் குழுவில் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட படங்கள் போடுகிறாள். நாங்கள் எல்லாரும் கட்டைவிரல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

போன ஞாயிறு அவற்றில் ஒரு கடற்கரைப் படத்தை லேசரில் அச்சிட்டேன். நொடியில் வந்து விழுந்தது, சூடாக, சாம்பல் நிறத்தில். அதைப் படமெடுத்து அவளுக்கு மட்டும் அனுப்பினேன்.

"இன்னாண்ணா, கடலுக்கு வயசாயிடுச்சா?" என்று பதில் வந்தது.

இன்று பழைய பிரிண்டரைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். திருகுகள் இட்லித் தட்டில் வரிசையாக இருக்கின்றன. நீலம் இன்னும் வரவில்லை. தண்ணீர் ஆற ஆற, நானே எழுந்து போய்ச் சுடவைத்துக்கொண்டு வருகிறேன்...