சிவப்பு மையில் எழுதிய ஒவ்வாமை

மருந்தாளுநர் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்களுக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். ஒருவர் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் கழுவிய கையையே மறுபடி கழுவப் போவார். அந்த அம்மாள் அசைய மாட்டார். ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். எதற்காக இந்த மருந்து, எத்தனை நாள், எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள்? மூன்றுக்கும் பதில் வாங்காமல் அவர் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நர்ஸுகள் அவருக்கு ‘எத்தனை நாள் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார். உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கண்டபடி வாரி இறைத்தால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும், நாளைக்கு நிஜமாகவே தேவைப்படுகிறவருக்கு அது வேலை செய்யாது. அவர் சண்டை போட்டதெல்லாம் இதற்காகத்தான். வேறு எதற்கும் அசையாத கிருமிக்கென்று வைத்திருந்த மருந்துகளைத் தனி அலமாரியில் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். வீட்டில் கணவர் தும்மினால்கூட முதல் கேள்வி ‘எத்தனை நாளா?’ என்பதுதான். மனுஷர் தும்மலை அடக்கப் பழகிவிட்டார், பாவம்.

இன்னொரு விஷயத்திலும் அவர் விடாக்கண்டன். நோயாளியின் கோப்பில் ‘பென்சிலின் ஒவ்வாது’ என்று இருந்தால் அப்படியே நம்ப மாட்டார். என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, யார் பார்த்தது என்று குடைவார். பாதிப் பேருக்கு ஒவ்வாமையே இருக்காது. யாரோ என்றைக்கோ எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அது கல்வெட்டாகியிருக்கும்.

அப்படிப்பட்டவரின் நாத்தனாரை ஒரு திங்கட்கிழமை காலையில் நடுங்கும் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி. கணவருக்கு அக்கா என்றாலும் அம்மா ஸ்தானம். கல்யாணத்துக்குப் பிறகு பாதியில் நின்ற படிப்பை முடிக்கச் சொல்லி, பரீட்சை நாட்களில் சமையலறைப் பக்கமே விடாமல் இவரை விரட்டியதும் அவர்தான்.

மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அந்தக் கிருமிக்குச் சரியான எதிரி பென்சிலின் வகை மருந்துதான். ஆனால் கோப்பின் முகப்பில் அது ஒவ்வாது என்று எழுதியிருந்ததால் இரண்டாந்தர மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விடவில்லை. அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம்பார்க்கத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் டயாலிசிஸ் வரை போகலாம் என்றார் பெரிய டாக்டர்.

மருந்தாளுநர் கோப்பை வாங்கிப் பார்த்தார். சிவப்பு மை. வட்டம் வட்டமான எழுத்து. அவருடைய எழுத்தேதான்.

பதினொரு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிது. பென்சிலின் மாத்திரை போட்டதும் குடலே வெளியே வந்துவிட்டது என்று நாத்தனார் போனில் சொன்னார். இவர் பதறிப்போய், ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாளே ஆஸ்பத்திரியில் இருந்த அவர் கோப்பைத் தேடி எடுத்து எழுதிவிட்டார். ஊரில் எல்லோருடைய ஒவ்வாமையையும் குடைந்தவருக்கு வீட்டு ஒவ்வாமையைக் குடையத் தோன்றவே இல்லை.

ஓடிப்போய்ப் படுக்கையருகே குனிந்தார். “அண்ணி, அன்னைக்கு உடம்புல தடிப்பு வந்துச்சா? மூச்சு முட்டுச்சா? முகம் வீங்குச்சா?”

நாத்தனார் கண்ணைத் திறக்காமல், “வாந்திதாம்மா. வேற ஒண்ணுமில்ல” என்றார்.

பெரிய டாக்டரோடு இவர் மல்லுக்கட்டாத வாரம் கிடையாது. இன்று அவர் முன்னால் போய்க் கோப்பை நீட்டினார்.

“டாக்டர், இது ஒவ்வாமையே இல்ல. வெறும் வாந்தி. விசாரிக்காம எழுதிட்டாங்க.”

“யார் எழுதினது?”

“நான்.”

சுற்றி நின்ற இளம் டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

“சரி, சோதிச்சுப் பார்த்துடலாம். நீங்க பக்கத்துல உக்காருங்க” என்றார் டாக்டர். குரலில் குத்தல் இல்லை, அதுதான் இவருக்கு அழுகையை வரவழைத்தது.

முதலில் தோலில் ஒரு துளி. பிறகு பத்தில் ஒரு பங்கு மருந்து. அவசர ஊசியைத் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு நர்ஸ் நின்றாள். மருந்தாளுநர் நாத்தனாரின் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. கொசு கடித்த அளவுக்குக்கூடத் தடிப்பு இல்லை. முழு மருந்தும் ஏறத் தொடங்கியது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“எத்தனை நாள் டாக்டர்?”

“நாலு வாரம். நிறுத்துற தேதியும் போட்டாச்சு. இப்பவாவது போய்ச் சாப்பிடுங்கம்மா.”

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் சிறுநீரகம் மெல்லத் தேறியது. நாத்தனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சியை வாய் ஓயாமல் திட்டுகிற அளவுக்கு வந்தபிறகு, மருந்தாளுநர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

“என்னாலதான் அண்ணி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்களுக்கு இந்தப் பாடு வந்திருக்காது.”

“அட, அதுக்கா அழுற? அன்னைக்கு வெறும் வயித்துல முழுங்கித் தொலைச்சேன், வாந்தி வந்துச்சு. மறுநாள்ல இருந்து சாப்பிட்ட பிறகு போட்டேன். மிச்ச மாத்திரை மொத்தமும் போட்டு முடிச்சேன். ஒண்ணுமே ஆகல.”

“அப்போ ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?”

நாத்தனார் அவர் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“கோப்புல சிவப்பு மையில எழுதிட்டேன், இனிமே உங்களுக்கு ஆபத்தே வராதுன்னு அவ்வளவு சந்தோஷமா வந்து சொன்னே. உனக்கு அதுதான் முதல் வேலை. தப்புன்னு எப்படிம்மா சொல்லுவேன்?”