சைலன்சருக்குள் இருந்த சேலை

அன்று களத்தில் நான், என் மனைவி, உத்தமபாளையத்து மெக்கானிக் பாய், மூன்று பேர்தான் இருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வாடகைக்கு வண்டி கிடைக்கவில்லை. ஆறு வருடமாகச் சும்மா கிடந்த அப்பாவின் டிராக்டர் ஓடாவிட்டால் இந்தப் போகமே போய்விடும்.

பாய் டீசல் பம்பைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து மாட்டியும் இன்ஜின் பிடிக்கவில்லை. பயத்தில் வாயை விட்டுவிட்டேன்.

"நல்ல பம்பை எடுத்துக்கிட்டு மட்டமானதை மாட்டிட்டீகளா, பாய்?"

அவர் முகம் சுண்டிப்போனது. "பொகையே வரலையே" என்று மட்டும் சொல்லி, சைலன்சருக்குள் கம்பியை விட்டு இழுத்தார். துணி வந்தது.

"ஏங்க, காணோம்னு வீடெல்லாம் தேடுனேனே, அந்தச் சேலை" என்றாள் மனைவி.

வண்டியை நிறுத்திய அன்று, எலி கூடு கட்டிவிடுமே என்று பயந்து நான்தான் திணித்திருந்தேன்; பிறகு மறந்தே போனேன். இன்ஜின் ஓடியதும் பாய் கூலி வாங்காமல் கிளம்பிவிட்டார். நடவு முடிந்தது. இரண்டு முறை அவர் கடை வாசல்வரை போய், உள்ளே போக முகமில்லாமல் திரும்பிவிட்டேன். அவருக்குத் தரவேண்டிய இரண்டாயிரம் ரூபாய் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.